கலங்காத குளிர்தேநீர்

"ஆயா, இது மழை பெய்த மறுநாள் ஊருணித் தண்ணீர் மாதிரி இருக்கிறதே" என்றாள் என் பேத்தி, கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. அவள் சொன்னது உண்மை. அன்று எங்கள் காரைக்குடி வீட்டுக்கு மகளின் மாமியார் வீட்டார் வந்திருந்தார்கள். சித்திரை வெயில். வந்தவர்களுக்குச் சூடாக எதையும் நீட்ட மனம் வரவில்லை. காலையிலேயே வழக்கமான டீத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, மாம்பழச் சாற்றைக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். மதியம் எடுத்தபோது அது செம்மண் கரைத்த நீராக இருந்தது. குடித்தால் நாக்கில் துவர்ப்பு ஒட்டிக்கொண்டது. மாம்பழம் எங்கோ அடியில் கிடந்தது.

பதினெட்டு ஆண்டுகள் குன்னூரில் இருந்தவள் நான். என் கணவர் அங்கே ஒரு தோட்டத்து அலுவலகத்தில் கணக்குப் பார்த்தார். தேயிலை வாடுவதையும் உருளுவதையும் நிறம் மாறுவதையும் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் அன்று அவசரத்தில் தவறினேன். அதனால்தான் இந்தப் பக்குவத்தை விரிவாகவே எழுதுகிறேன். பழம் நல்லதாக இருந்தால் போதும், குளிர்தேநீர் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் முக்கால் பங்கு வேலை தேயிலையில்தான் இருக்கிறது.

ஏன் கலங்குகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் காஃபீனும் சூடான நீரில் கரைந்து நிற்கும். நீர் குளிரக் குளிர அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, கரையாத நுண்துகள்களாகத் திரளும். அதுதான் அந்த மங்கல். தொழிற்சாலைகளில் இதை 'க்ரீமிங்' என்பார்கள். சூடாகக் குடிக்கும் தேநீரில் அது குற்றமில்லை, திடமான தேயிலைக்கு அடையாளம் என்றுகூடச் சுவை பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் கண்ணாடி டம்ளரில் ஐஸோடு கொடுக்கும் தேநீருக்குத் தெளிவுதான் அழகு. தேநீர் எவ்வளவு கடுமையாக இறங்குகிறதோ அவ்வளவு கலங்கும். இலையைக் கொதிக்கவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இனி இலை. நம் வீடுகளில் பால் தேநீருக்கு வாங்குவது சி.டி.சி. தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு குருணைகளாக ஆக்கியது. இரண்டு நிமிடத்தில் நிறமும் துவர்ப்பும் இறங்கிவிடும். பாலில் உள்ள புரதம் அந்தத் துவர்ப்பைத் தணித்துவிடுவதால் பால் தேநீருக்கு அது பொருத்தம். பால் சேராத குளிர்தேநீருக்கு முழு இலையாக உருட்டிய ஆர்த்தடாக்ஸ் தேயிலையே வேண்டும். அதிலும் நீலகிரித் தேயிலை. ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. நீலகிரித் தேநீர் குளிர்ந்தாலும் தெளிவாக நிற்கும் என்பது தேயிலை வணிகத்தில் நெடுங்காலமாக அறிந்த செய்தி, அதனால்தான் குளிர்தேநீருக்கென்றே அதைத் தேடி வாங்குபவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரி பனியில் பறித்த இலை கிடைத்தால் விடாதீர்கள். அந்த மணத்துக்குப் பழமே தேவையில்லை. கையில் சி.டி.சி. மட்டும்தான் இருக்கிறது என்றால் அளவைப் பாதியாகக் குறைத்து, இரண்டு நிமிடத்துக்குமேல் ஊறவிடாமல் எடுங்கள், சமாளிக்கலாம்.

தண்ணீரும் பேசும். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் ஒரு கொடை. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் தேநீர் போட்டால் மேலே ஏடு படியும், நிறம் மங்கும், மணம் எழும்பாது. குடிக்க இனிக்கிற தண்ணீர் எதுவோ அதையே தேநீருக்கும் எடுங்கள்.

எடுக்கும் முறை இரண்டு. விருந்தாளி வாசலுக்கு வந்துவிட்டார் என்றால் சூட்டு முறை. ஒரு லிட்டர் தேநீருக்கு 600 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். குமிழி அடங்கியதும் 10 கிராம் இலையைப் போட்டு மூடுங்கள். முழு இலை என்றால் ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டி வரும். நான்கு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் துவர்ப்பு ஏறத் தொடங்கும், ஆகவே கடிகாரத்தைப் பார்த்தே எடுங்கள். பழைய மல் வேட்டித் துணியை நான்காக மடித்து அதில் வடிகட்டுவது என் வழக்கம். இலையைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கடைசியில் வருவது கசப்பு மட்டுமே. வடித்த தேநீரில் 400 மில்லி ஆறிய தண்ணீரைச் சேர்த்துவிட்டால் செறிவும் குறையும், சூடும் தணியும். பாத்திரத்தை அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின்புதான் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். கொதிக்கக் கொதிக்க உள்ளே தள்ளினால் கலங்கும்.

அப்படியும் கலங்கிவிட்டால் கொட்டிவிடாதீர்கள். ஒரு கரண்டி கொதிநீரை ஊற்றிக் கலக்கிப் பாருங்கள். டம்ளரின் அடியிலிருந்து மங்கல் விலகி, புகை கலைவதுபோல நிறம் திரும்பி வருவதைக் கண்ணால் காணலாம். அந்தத் துகள்கள் சூட்டில் மறுபடியும் கரைகின்றன, அவ்வளவுதான். தேநீர் கொஞ்சம் நீர்த்துப்போகும். ஒரு துளி எலுமிச்சை அதைச் சரிக்கட்டிவிடும்.

என் மனத்துக்குப் பிடித்தது இரண்டாவது முறை, குளிர்முறை. இரவு படுக்கப் போகும்முன் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் 10 முதல் 12 கிராம் இலையைப் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். காலையில் வடித்தால் முடிந்தது. எட்டு மணி நேரம் போதும். குளிர்ந்த நீரில் காஃபீனும் துவர்ப்பும் குறைவாகவே இறங்குவதால் இந்தத் தேநீர் கலங்குவதே இல்லை. இளஞ்சிவப்புக் கலந்த தேன் நிறம், வாயில் இனிப்பின் சாயல். வடித்தபின் ஒரு நாளுக்குள் குடித்துவிட வேண்டும். இலை கொதிநீரைப் பார்க்காத முறை என்பதால் தண்ணீர், பாத்திரம், துணி எல்லாம் சுத்தமாக இருப்பது இங்கே மிக முக்கியம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கண்ணாடிக் குடுவையில் இலையைப் போட்டு வெயிலில் வைத்துத் தேநீர் எடுக்கும் ஒரு முறை உண்டு. நம் நடுவாசல் வெயில் அதற்கு வாகாகத் தோன்றும். செய்யாதீர்கள். அந்த வெதுவெதுப்பில் கிருமி சாகாது, பெருகத்தான் செய்யும். குழந்தைகள் குடிக்கப்போகும் பொருள்.

பழத்தை நேராகத் தேநீரில் பிழியாமல், பாகாகக் காய்ச்சித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டு நன்மைகள். சர்க்கரை குளிர்ந்த தேநீரில் கரையாமல் அடியில் மணல்போலக் கிடக்கும், பாகாக இருந்தால் உடனே கலந்துவிடும். இன்னொன்று, அவரவர் வாய்க்கு ஏற்ப ஊற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பேத்திக்கு மூன்று கரண்டி, என் கணவருக்கு ஒன்றுமே கிடையாது, சர்க்கரை நோய் இருக்கிறது. ஒரே கூஜாவிலிருந்து இருவருக்கும் ஊற்ற முடிகிறது.

மாம்பழத்தில் தொடங்குகிறேன். தேநீருக்கு நல்ல இனிப்புப் பழத்தைவிடச் சற்றுப் புளிப்புள்ள செந்தூரம் போன்றதே சேரும். நன்கு இனித்த பழம் தேநீரில் மந்தமாகிவிடும். தோல், கொட்டை போக 250 கிராம் சதையைத் துண்டு போட்டு, 100 கிராம் சர்க்கரை, 150 மில்லி தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வேகவிடுங்கள். மத்தால் மசித்து, சூட்டோடு துணியில் ஊற்றித் தொங்கவிடுங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும். அவசரப்பட்டு முறுக்கினால் சதை இறங்கி மறுபடியும் அந்த ஊருணித் தண்ணீர்தான். பொறுமையாக விட்டால் பொன்னிறப் பாகு கிடைக்கும், டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி சரியாக இருக்கும். துணியில் தங்கும் சதையை வீணாக்காமல் தயிரில் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன்.

எல்லாப் பழத்திலும் தேநீரோடு மிகவும் இசைந்து போவது பன்னீர் திராட்சை என்பது என் முடிவு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற அந்தக் கருநீலப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதன் தோலில் ஒரு துவர்ப்பு உண்டு, தேயிலையின் துவர்ப்பும் அதுவும் உறவுக்காரர்கள். பழம் தண்ணீர் இல்லாமலே சாறு விடும், ஆகவே அரை கிலோ திராட்சைக்கு ஒரு கை தண்ணீர் போதும். 150 கிராம் சர்க்கரை. தோல் வெடித்து நிறம் இறங்கும்வரை பத்து நிமிடம் காய்ச்சி, மரக்கரண்டியால் மெல்ல அமுக்கி வடியுங்கள். மிக்ஸியில் அடிக்கவே கூடாது. விதை உடைந்தால் கசப்பு இறங்கும், அதற்கு மாற்று மருந்து கிடையாது.

இந்தத் திராட்சைத் தேநீரை ஒருமுறை கண்ணாடி டம்ளரில், வெளிச்சத்துக்கு நேரே வைத்துச் செய்து பாருங்கள். முதலில் ஐஸ், பிறகு திராட்சைப் பாகு, அதன்மேல் கரண்டியின் பின்புறத்தில் படும்படி மெல்லத் தேநீரை ஊற்றுங்கள். பாகு கனமானதால் அடியில் கருஞ்சிவப்பாக நிற்கும், மேலே தேன்நிறம். நாலைந்து துளி எலுமிச்சைச் சாற்றை விடுங்கள். புளிப்புப் பட்ட இடத்தில் தேநீரின் பழுப்பு வெளுத்து மஞ்சளாகும். கலக்கினால் அடியிலிருக்கும் சிவப்பு இன்னும் பளிச்சென்று எழும்பும். தேயிலையின் நிறப்பொருளும் திராட்சைத் தோலின் நிறப்பொருளும் புளிப்புக்கு இப்படி மாறுகிறவை. என் பேத்தி இதைப் பார்ப்பதற்காகவே இரண்டாவது டம்ளர் கேட்பாள்.

அன்னாசிக்கு இஞ்சி துணை. பழத்தை நாம் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் எறிகிற நடுத்தண்டைப் பாகுக்கு எடுத்துக்கொள்ளலாம். மணம் அதிலும் இருக்கிறது. நறுக்கிய தண்டோடு கைப்பிடி பழமும் ஒரு விரல் நீளத் தட்டிய இஞ்சியும் சேர்த்துக் காய்ச்சினால் போதும்.

தர்பூசணியைக் காய்ச்சாதீர்கள், வெந்த பூசணி மணம் வந்துவிடும். பச்சையாகப் பிழிந்து, குடிக்கும் நேரத்தில் தேநீரோடு சரிபாதி கலந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் போதும். கொய்யா மணம் நன்றாக இருக்கும், ஆனால் அதன் பசைத்தன்மையால் தேநீர் எப்படியும் மங்கும். மங்கினாலும் சரி என்பவர்கள் செய்யலாம். பலா, வாழை, சப்போட்டா மூன்றும் வேண்டாம். பலாவின் வாசம் தேயிலையை விழுங்கிவிடும், மற்ற இரண்டும் கூழாகிவிடும்.

எலுமிச்சையை மட்டும் எப்போதும் கடைசியில், ஆறிய தேநீரில் பிழியுங்கள். தோலின் உள்வெள்ளை கசக்கும் என்பதால் துண்டுகளை மணிக்கணக்கில் ஊறவிடக் கூடாது. எங்கள் பின்கட்டில் ஒரு நாரத்தை மரம் நிற்கிறது. அதன் இளந்தளிர் ஒன்றைக் கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, கூஜாவில் போட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவேன். புதினா எல்லோரும் போடுவது. நாரத்தைத் தளிரின் வாசம் நம் மண்ணுக்கு உரியது, ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் என்னிடம் தளிர் கேட்டு வாங்கிப் போகிறார்கள். கிடைக்கிற நாளில் நுங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி டம்ளரில் போடுங்கள். நுங்குக்குத் தனக்கென்று பெரிய சுவை இல்லாததால் தேநீரின் சுவையை அப்படியே வாங்கிக்கொள்ளும், பல்லில் படும்போது சில்லென்று இருக்கும்.

கருப்பட்டியைப் பற்றிக் கேட்பார்கள். கருப்பட்டி மேல் எனக்கு அளவற்ற பிரியம், ஆனாலும் பழத் தேநீரில் அது சேரவில்லை. அதன் வாசம் பழத்தை மறைக்கும், தெளிவையும் கெடுக்கும். பனங்கற்கண்டு பரவாயில்லை. வெள்ளைச் சர்க்கரைதான் பழத்தைப் பேசவிடும்.

பாத்திரத்தில் கவனம் வேண்டும். நம் வீடுகளில் பித்தளைச் சாமான் நிறைய. ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ அலுமினியத்திலோ புளிப்புள்ள பாகையும் எலுமிச்சைத் தேநீரையும் வைக்காதீர்கள். உலோகம் கரைந்து சுவையும் கெடும், உடம்புக்கும் ஆகாது. கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் நல்லவை. என் ஐயா கண்டியில் கடை வைத்திருந்த காலத்தில் கொண்டுவந்த நீல விளிம்பு எனாமல் கூஜா ஒன்று இருக்கிறது. உள்பூச்சு எங்கும் பெயராமல் இருப்பதால் அதில்தான் ஊற்றுகிறேன். பெயர்ந்திருந்தால் எவ்வளவு பழைய நினைவு என்றாலும் அலமாரியில்தான் வைப்பேன். இன்னொன்று, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எலுமிச்சை கலந்தது சிந்தினால் அந்த நொடியே ஈரத்துணியால் துடையுங்கள். அது சிமெண்டுக் கல். புளிப்புப் பட்டு நின்றால் பளபளப்புப் போய்த் தடம் விழும், அந்தத் தடம் தேய்த்தாலும் போகாது. எங்கள் பட்டாலையில் அப்படி ஒரு வட்டம் இருக்கிறது.

ஐஸ் உருகி நீர்த்துப்போகிறது என்பது பலருடைய குறை. தேநீரையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். திராட்சைப் பாகைத் தண்ணீர் கலந்து உறையவைத்தால் இன்னும் நல்லது, உருக உருகச் சுவை கூடும். ஐஸுக்கும் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான். பாகு ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் இருக்கும். கலந்துவைத்த பழத் தேநீரை அன்றே முடித்துவிட வேண்டும்.

1904-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு இந்தியத் தேயிலையைப் பரப்புவதற்காக ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர் போயிருந்தார். கடும் வெயிலில் சூடான தேநீரை யாரும் சீண்டாததால் அதை ஐஸில் ஊற்றிக் கொடுத்தார், கூட்டம் கூடியது என்பார்கள். அதற்கு முன்பே அந்நாட்டின் தென்பகுதி வீடுகளில் குளிர்தேநீர் இருந்தது. ஆனாலும் அது ஊரறியப் பரவியதில் நம் தேயிலைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிற செய்தி.

கொடுக்கும் நேரம் மாலை நான்கு மணி, இடைப்பலகாரத்தோடு. வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் இருந்தால் மாம்பழத் தேநீர். கந்தரப்பம் போன்ற இனிப்பு என்றால் பாகே ஊற்றாமல் எலுமிச்சை மட்டும் பிழிந்து கொடுங்கள், இனிப்போடு இனிப்பு திகட்டும். மதியச் சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேநீர் தடுக்கும், ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். இரத்தச்சோகை உள்ள பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதில் கண்டிப்பாக இருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் குளிர்முறைத் தேநீரில் அரை டம்ளர், பொழுது சாய்ந்தபின் கிடையாது.

சென்ற வைகாசியில் மகளின் மாமியார் வீட்டார் மறுபடியும் வந்தார்கள். முந்தின இரவே இலையை ஊறவைத்திருந்தேன், திராட்சைப் பாகு தயாராக இருந்தது. பேத்திதான் முகப்புக்கு எடுத்துப்போய்க் கொடுத்தாள். ஒவ்வொரு டம்ளரையும் கொடுப்பதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நீட்டினாள்.